மனைவிக்கு ஒரு ஸ்டாண்டு

திருவனந்தபுரத்துக்கு நான் கோயிலுக்காகவும் போகவில்லை, கடலுக்காகவும் போகவில்லை. என் மனைவிக்குக் கேமரா ஸ்டாண்டு வாங்கப் போனேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இதை நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை.

பாளையங்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. என் மனைவி செல்வி கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவந்தவள். ஆல்பம் சேர்ப்பாள், மாப்பிள்ளை முகத்துப் பருவை எடுப்பாள், பெண்ணை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்கச் சொல்லும் மாமியார்களைச் சமாளிப்பாள். நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தைச் சுற்றுப்படமாக எடுத்துப் பார்க்கிறேன் என்றாள். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பல படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டினால் மண்டபம் முழுவதும் ஒரே படமாகிவிடும். போனில் விரலால் தள்ளித் தள்ளி மேலே, கீழே, முன்னே, பின்னே எல்லாம் பார்க்கலாம். பொழுது போகட்டும் என்று விட்டேன். அவள் அதை இணையத்தில் போட்டாள். ஸ்டுடியோ பெயரில் இல்லை, தன் பெயரில். அதற்குப் பிறகு கடையில் போன் அடித்தால் பாதி நேரம் அது அவளுக்குத்தான்.

இந்த முறை அழைத்தவர்கள் பொன்முடி மலைக்குக் கீழே கல்லாற்றில் வீடுகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள். எல்லா வீடுகளையும் சுற்றுப்படமாக எடுக்க வேண்டுமாம். முதலில் ஒரு வீட்டை மாதிரிக்கு எடுத்துக் காட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடும் நாளில் மதியத்துக்குள் அது கையில் இருக்க வேண்டும். பிடித்தால் வேலை முழுவதும் செல்விக்கு. அப்புறம் அவள் மாதக்கணக்கில் கேரளத்தில் சுற்றுவாள், நான் கடையில் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் தூக்குங்க, காது தெரியட்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

எனக்குப் பொறாமை. வயிற்றெரிச்சல் என்றாலும் சரி. அதற்கு வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

அதுவரை செல்வி என்னுடைய கல்யாண வீடியோ ஸ்டாண்டைத்தான் பயன்படுத்திவந்தாள். அதில் எடுத்தால் தூரத்தில் இருப்பவை ஒழுங்காக ஒட்டும். பக்கத்தில் இருக்கும் ஜன்னல் கம்பி மட்டும் நடுவில் ஒடிந்துபோய் நிற்கும். இதற்கென்றே உள்ள ஸ்டாண்டும் தலையும் வேண்டும் என்றாள். திருவனந்தபுரத்துக் கரமனையில் ஹரிஹரன் என்று ஒருவர் இந்தச் சாமான்களை வைத்திருக்கிறார், போட்டுப் பார்த்து வாங்கலாம், இணையத்தில் பழக்கம் என்றாள். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

ரயில் பாறசாலையைத் தாண்டியதும் பெட்டியில் பேச்சு மாறியது. அதுவரை தமிழில் சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு குடும்பம் அப்படியே மலையாளத்துக்கு மாறி அதே சண்டையைத் தொடர்ந்தது. செல்விக்குப் பாதி புரிந்தது. போனில் பாடம் கேட்டுப் படித்திருக்கிறாள். எழுத்துக்கூட வாசிக்கிறாள். எப்போது படித்தாய் என்று கேட்டேன். நீங்க கல்யாணத்துக்குப் போற நாள்ல எல்லாம் என்றாள்.

திருவனந்தபுரம் ரயிலடியான தம்பானூரில் இறங்கிச் சாப்பிட்டோம். இளஞ்சிவப்பில், ஒவ்வொன்றும் புளியங்கொட்டை போல் தடித்த சோறு. குடிக்கச் சிவப்பாக ஒரு வெந்நீர் வைத்தார்கள். திருநெல்வேலியில் இப்படி ஒரு தண்ணீரை வைத்தால் டம்ளரைக் கழுவவில்லையா என்று கேட்டிருப்பேன். இங்கே மரப்பட்டை போட்டுக் காய்ச்சியதாம், உடம்புக்கு நல்லதாம். ஆட்டோக்காரர் நாங்கள் கேட்பதற்கு முன்பே மீட்டரைப் போட்டார். நம் ஊர் ஜங்ஷனில் இந்நேரம் பாதிப் பேரம்கூட முடிந்திருக்காது. சண்டைக்குத் தயாராகத் தொண்டையைச் செருமி வைத்திருந்தேன், எல்லாம் வீணாகப் போயிற்று. இந்த ஊரிடம் பொறாமைப்பட வேண்டியவற்றில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

கரமனையில் ஆற்றை ஒட்டிய அக்கிரகாரத் தெரு. வீடுகள் ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஹரிஹரனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வேட்டி, பனியன், தலையில் குடுமி இல்லை, அதற்குப் பதில் ரப்பர் வளையம் போட்ட முடி. மனைவி வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார். அந்தக் காபியில் ஏதாவது குறை இருக்கும் என்று நம்பி முதல் வாய் குடித்தேன். இல்லை.

“வாங்கோ செல்வி மேடம். உங்க மண்டபம் பாத்தேன், கேட்டேளா. திறந்த உடனே நேரே கீழேதான் பாத்தேன்” என்றார்.

செல்விக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்கு விளங்கவில்லை. அப்புறம் சொன்னாள். சுற்றுப்படத்தைச் சாதாரண ஆட்கள் பார்த்தால் சரவிளக்கைப் பார்ப்பார்கள், மேடையைப் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் முதலில் படத்தைக் கீழே தள்ளித் தரையைப் பார்ப்பார்களாம். கேமரா எல்லாப் பக்கமும் எடுக்கும்போது அதன் காலடியில் ஸ்டாண்டும் விழும் அல்லவா? அதை எடுத்தவர் எப்படி மறைத்திருக்கிறார் என்பதில்தான் ஆளின் தரம் தெரியுமாம். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் வட்டமாக ஒரு பெயர்ப்பலகையை ஒட்டிவிடுவார்கள். செல்வி தரையைத் தனியாக ஒரு படம் எடுத்து, ஓடு ஓடாகப் பொருத்தி, ஸ்டாண்டு நின்ற சுவடே இல்லாமல் செய்திருந்தாள். ஹரிஹரன் அதைத்தான் பார்த்திருக்கிறார். நான் அவளோடு ஒரே வீட்டில் இருந்தும் ஒரு நாள்கூடக் கீழே தள்ளிப் பார்த்ததில்லை.

“இவ்வளவு செலவு செஞ்சு வாங்குற சாமானை முதல் வேலையா அழிக்கிறதுதான் இந்தத் தொழிலா?” என்று கேட்டேன். இருவரும் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் சிரித்ததுதான் உறுத்தியது.

வீட்டின் நடுக்கூடத்தில் ஊஞ்சல் தொங்கியது. ஹரிஹரன் என் பழைய ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, ஊஞ்சல் சங்கிலியும் பின்னால் தூரத்தில் இருக்கும் ஜன்னல் கம்பியும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி வைத்தார். கேமராவை மெல்லத் திருப்பினார். சங்கிலி கம்பியை விட்டு நகர்ந்துபோயிற்று. அதே கேமராவை அவருடைய தலையில் மாட்டினார். தலை என்றால் ஸ்டாண்டின் மேல் உட்காரும் எல் வடிவ இரும்பு. அதில் கேமராவைப் பின்னால் தள்ளி, லென்சின் ஒரு குறிப்பிட்ட இடம் சுழலும் அச்சுக்கு நேர் மேலே வருமாறு நிறுத்தினார். இப்போது எவ்வளவு திருப்பினாலும் சங்கிலி கம்பியை விடவில்லை. ஜன்னல் கம்பிகள் ஏன் ஒடிந்தன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் என் ஸ்டாண்டைக் குறை சொல்லாமல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்காக அவள்மேல் பிரியம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

தலையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு வாயில்லை. கால்களிலாவது என் பேச்சு எடுபட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். மூலையில் ஒன்று நின்றது. தொடை மொத்தம் கால்கள், விரித்தால் யானை நிற்கிற மாதிரி நிற்கும். கையால் தட்டிப் பார்த்தேன். புயலடித்தாலும் அசையாது. இதுதான் சரி என்றேன். செல்வி அதைத் திரும்பியும் பார்க்காமல், சுவரில் சாய்ந்திருந்த ஒரு நோஞ்சானை எடுத்தாள். குடைக்கம்பிக்கு அண்ணன் முறையாக வேண்டிய கால்கள். நெருக்கி நிறுத்தினாலும் நிற்கிறது, தரையில் கொஞ்சம் இடத்தைத்தான் அடைக்கிறது.

“கால் தடிமனா இருந்தா கீழ அவ்வளவு தரை மறையும். அவ்வளவையும் நான்தான் பொருத்தணும்” என்றாள்.

“காத்தடிச்சா?”

“பையைத் தொங்கவிட்டுக்கலாம்.”

சரி, உயரமாவது போதுமா என்று பார்த்தேன். முழுதாக நீட்டச் சொன்னேன். கல்லாற்று வீட்டில் உயரத்தில் வைத்தால் ஆற்றை நன்றாகக் காட்டலாம் என்று என் அனுபவத்தை எடுத்துவிட்டேன். செல்வி ஸ்டாண்டைக் கீழே இறக்கி, லென்சைத் தன் கண்ணுக்கு நேராக நிறுத்தினாள். அவள் என் தோளுக்கு வருவாள்.

“பாக்கறவங்க ஏணி மேலயா நின்னு பாப்பாங்க?” என்றாள்.

ஆக, இனிமேல் உலகம் அந்த வீடுகளைப் பார்க்கப் போவது அவளுடைய கண் உயரத்திலிருந்து. ஹரிஹரன் அதுதான் சரியாக்கும் என்று தலையாட்டினார். நோஞ்சானையும் இரும்புத் தலையையும் வாங்கிக்கொண்டோம். பையைத் தூக்கியது நான். எடையே இல்லை. அதுவும் எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டுக் கிழக்கேகோட்டை என்ற பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். கல்லாற்றுக்கு விதுரை வழியாகப் போக வேண்டும். செல்வி பழம் வாங்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் நானே பஸ் பிடித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. மலையாளத்து ‘வி’ ஏறக்குறைய நம் ‘வி’ போலத்தான் இருக்கிறது. முன்கண்ணாடிப் பலகையில் அந்த எழுத்தைக் கண்டதும் அவளைக் கூவி அழைத்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் அவளால் பலகையைப் பார்க்க முடியவில்லை. நடத்துநர் வந்து எங்கே என்று கேட்டபோது மணக்காடு தாண்டிவிட்டது. பஸ் விழிஞ்ஞத்துக்குப் போகிறது. நாங்கள் போக வேண்டியது மலைக்கு, பஸ் போவதோ கடலுக்கு. நடத்துநர் பக்கத்தில் இருந்தவரிடம், இந்த ஆள் முதல் எழுத்தை மட்டும்தான் வாசிப்பார் போலிருக்கிறது என்றார். அதை செல்விதான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இறங்கித் திரும்பி, சரியான பஸ்ஸை செல்வி பிடித்தாள். நெடுமங்காடு கடந்ததும் ரப்பர் மரங்கள். விதுரை கடந்ததும் காற்று குளிர்ந்தது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் சிலர் விதுரையில் மூட்டைகளோடு நின்று தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசினால் தேவலை போல் இருந்தது. காலையிலிருந்து எனக்கு யாரும் மரியாதையாகப் பதில் சொல்லவில்லை.

கல்லாற்றில் வீட்டுக்காரி பிரசன்னா டீச்சர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஆற்றைப் பார்த்த நீண்ட வராந்தா, சிவப்புத் தரை, வரிசையாகப் பிரம்பு நாற்காலிகள். கீழே பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் சத்தம். நம் தாமிரபரணியும் பாபநாசத்தில் இப்படித்தான் இருக்கும், ஆனால் இங்கே கரையில் ஒரு சோப்பு உறையைக்கூடக் காணவில்லை. டீச்சர் செல்விக்குச் சாயா கொடுத்து, வெளிச்சம் எப்போது நன்றாக இருக்கும், மழை வந்தால் என்ன செய்வது என்று வெகுநேரம் பேசினார். பிறகு என்னைப் பார்த்து, டிரைவருக்கும் சாயா எடுக்கட்டுமா என்று கேட்டார். இது எனக்கே புரிந்துவிட்டது.

“டிரைவர் இல்ல டீச்சர், என் வீட்டுக்காரர். எனக்கு கேமரா பிடிக்கக் கத்துக் கொடுத்தவங்க இவங்கதான்” என்றாள் செல்வி.

டீச்சர் பதறிப்போய் எனக்கு இரண்டு பழம்பொரி, நம் ஊர்க் கணக்கில் வாழைப்பழ பஜ்ஜி, வைத்தார். செல்வி சொன்னது உண்மைதான். ஆனால் அவள் அதை இரக்கப்பட்டுச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. ஒருவர் நம்மை விட்டுக்கொடுக்காமல் பேசும்போதுகூட எரிகிறது என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டாண்டை வராந்தாவின் நடுவில் நிறுத்தினாள். தலைக்குக் கீழே இருந்த சின்னத் தட்டைத் திருகி மட்டம் பார்த்தாள். படத்துல விழாம நில்லுங்க என்று என்னை ஒரு கதவுக்குப் பின்னால் அனுப்பினாள். கேமரா ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தலை ‘டக்’ என்று ஓர் இடத்தில் நிற்கும். ஒரு படம். மறுபடி டக். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி வரிசையில் ஒன்று மட்டும் கோணலாக இருந்தது, ஸ்டாண்டுக்கு மிக அருகில் இருந்ததும் அதுதான். எனக்குக் கை பரபரத்தது. கல்யாணத்தில் மாலை ஒதுங்கினால், பட்டு மடிப்பு கலைந்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஓடிப்போய்ச் சரி செய்துவிட்டுத் திரும்புவேன். என் கை அதற்கென்றே பழகிய கை. கேமரா நாற்காலியைக் கடந்து அந்தப் பக்கம் திரும்பியது. இனி அதற்கு இந்த நாற்காலி தெரியாது என்று நினைத்தேன். இரண்டெட்டில் போய் நாற்காலியை நேராக்கிவிட்டுக் கதவுக்குப் பின்னால் வந்துவிட்டேன். செல்வி முதுகைக் காட்டி நின்றாள், கவனிக்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியில் மீதிப் பழம்பொரியைத் தின்றேன்.

அன்று மாலை கரமனையில் ஹரிஹரனின் கம்ப்யூட்டரில் படங்களை ஒட்டினார்கள். வீட்டுக்காரர்கள் கூட்டம் மறுநாள் மதியம். ஆறு வந்தது, மலை வந்தது, ஜன்னல் கம்பிகள் ஒன்றுகூட ஒடியாமல் வந்தன. ஹரிஹரன் அபாரம் என்றார். செல்வி படத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நின்றாள்.

நாற்காலி ஒன்றுக்குப் பதில் ஒன்றரை இருந்தது. பாதி முதுகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மீதி வேறு பக்கம் பார்த்தது, நடுவில் உபரியாக ஒரு கால் அந்தரத்தில் தொங்கியது. நாற்காலி மிக அருகில் இருந்ததால் ஒரு படத்தில் பாதி, அடுத்த படத்தில் பாதி விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அது அசைந்துவிட்டது. முழு நாற்காலி எந்தப் படத்திலும் இல்லை. ஆற்றைப் பார்க்கும் அழகான இடமும் அதுதான், கண் முதலில் போவதும் அங்கேதான்.

ஹரிஹரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காத்துல நகர்ந்திருக்கும்” என்றார். நல்ல மனுஷன்.

“அவ்வளவு பெரிய பிரம்பு நாற்காலி காத்துல நகராது” என்றாள் செல்வி. பிறகு என் பக்கம் திரும்பினாள். “நாற்காலியத் தொட்டீங்களா?”

தொட்டேன் என்றேன்.

கம்ப்யூட்டருக்கு எதிரே ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவள் காலை ஊன்றி அதை நிறுத்தினாள். அப்புறம் கேட்டாள்.

“தெரிஞ்சா செஞ்சீங்க?”

கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு நாளாக என் முகம் போன போக்கை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் யோசித்தேன். தெரியாமல் செய்தேன் என்றால், சுற்றுப்படம் எடுக்கும்போது எதையும் அசைக்கக் கூடாது என்ற அரிச்சுவடிகூடத் தெரியாத ஆள் என்று ஹரிஹரன் முன்னால் ஆகிவிடும். தெரிந்து செய்தேன் என்றால் கெட்டவன் ஆவேன், ஆனால் தொழில் தெரிந்தவன் ஆவேன். எனக்கு அந்த நேரத்தில் கெட்டவனாக இருப்பது மேல் என்று பட்டது.

“ஆமா. தெரிஞ்சுதான்” என்றேன்.

ஹரிஹரன் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். செல்வி என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன்.

“பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டீங்க” என்றாள்.

அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்னை நல்லவன் என்றுதான் சொன்னாள். இருந்தும் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருந்தால் இதைவிடச் சௌகரியமாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து ஹரிஹரன், ஒட்டுப் போட்டுச் சரிபண்ணலாம், பட்சே வீட்டுக்காரங்களுக்குத் தெரியும், காலம்பற முதல் பஸ்ஸுல போய் மறுபடி எடுத்துட்டு அங்கேயே ஒட்டிடுங்கோ என்றார். தன்னுடைய மடிக்கணினியையும் கொடுத்தார். அவரை வெறுக்க எனக்கு ஒரு காரணம்கூட மிச்சம் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். நான் தங்கியிருந்த விடுதியிலேயே இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பையைத் தூக்க ஆள் வேண்டும் என்றாள். டீச்சரிடம், நேற்று வெளிச்சம் சரியில்லை, இன்னொரு முறை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னாள். நாற்காலியைப் பற்றி மூச்சு விடவில்லை.

இந்த முறை என்னைக் கதவுக்குப் பின்னால் அனுப்பவில்லை.

“கையைப் பின்னாடி கட்டிக்கோங்க. கேமராவுக்குப் பின்னாடி நான் நிப்பேன், எனக்குப் பின்னாடி நீங்க நில்லுங்க. நான் திரும்பத் திரும்ப நீங்களும் வாங்க. முன்னாடி மட்டும் வந்துராதீங்க” என்றாள்.

டக். அவள் ஓர் அடி நகர்ந்தாள், நானும் நகர்ந்தேன். டக். மறுபடி. கோயில் பிராகாரத்தில் கூட்டத்தோடு சுற்றுகிற மாதிரி அவள் பின்னால் சுற்றினேன். இத்தனை வருஷத்தில் அவள் படம் எடுப்பதை இவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை. நான் எடுக்க, அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். அவள் மூச்சைப் பிடித்து, விட்டு, விரலை அழுத்தினாள். இலை அசைந்தால் காத்திருந்தாள். ஆற்றில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தபோது அது போகட்டும் என்று விட்டாள். அந்தச் சுற்று முழுவதும் அவள் மனத்தில் நான் இல்லை. என்மேல் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, நானே இல்லை. எனக்கு உண்மையில் எதன்மேல் பொறாமை என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. பெயரோ போனோ இல்லை. நான் கேமரா பிடிக்கும்போது என் கண் எப்போதும் யார் பார்க்கிறார்கள் என்று தேடும்.

மதியம் டீச்சர் வீட்டு வராந்தாவில் வீட்டுக்காரர்கள் கூடினார்கள். கப்பை என்று மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் வைத்தார்கள். படம் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போயிற்று. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, தான் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியைப் போனில் தேடிச் சிரித்தார். முடிவு சொல்ல அவர்களுக்கு வெகுநேரம் ஆகவில்லை. எல்லா வீடுகளும் செல்விக்கே. வந்ததுதான் வந்தீர்கள், இருந்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள், டீச்சர் வீட்டிலேயே தங்கலாம் என்றார்கள். சாரும் இருக்கட்டும் என்று டீச்சர் மரியாதைக்குச் சேர்த்துக்கொண்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். கடை பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து திரும்பிப் போவார்கள் என்றேன். இருங்கள் என்று ஒரு தடவையாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சரி, பால் பாக்கெட்டுக்குச் சொல்லிருங்க என்றாள்.

பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் கிளம்பும்போது படத்தை என் போனுக்கு அனுப்பிவைத்தாள். விதுரை தாண்டும் வரை அதைத் திறக்கவில்லை. பிறகு திறந்தேன். திறந்த உடனே கீழேதான் தள்ளினேன். சிவப்புத் தரை. ஸ்டாண்டு நின்ற சுவடு இல்லை. மேலே தள்ளினேன். சுற்றினேன். நாற்காலி, கம்பி, கூரை ஓட்டுச் சந்து, ஆற்றின் கரை. ஒரே ஒரு தப்பாவது அகப்படாதா என்று நெடுமங்காடு வரைக்கும் தேடினேன். உண்மையைச் சொன்னால் வேண்டிக்கொண்டே தேடினேன். அகப்படவில்லை.

பக்கத்து இருக்கையில் சங்கரன்கோவில் பக்கத்து ஆள் ஒருவர், இங்கே கட்டட வேலை பார்ப்பவர், வெகுநேரமாக என் போனையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“அடிபொளியா இருக்கு அண்ணாச்சி. ஆத்துக்கு நடுவுல நிக்க மாதிரியே இருக்கு. நீங்க எடுத்ததா?”

ஆமாம் என்று சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்.

“என் வீட்டுக்காரி எடுத்தது” என்றேன்.

அவர் படத்தை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்பம் அண்ணாச்சிக்கு என்ன ஜோலி?”

எனக்குப் பெரிய ஸ்டுடியோ இருக்கிறது, நான்தான் அவளுக்குக் கற்றுக் கொடுத்தேன் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“ஸ்டாண்டு தூக்குவேன்” என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அது எங்கே என்று என் மடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது கல்லாற்றில் அவளோடு இருந்தது.